எருமைக் கொம்பு ஊதினது யாரு

பழைய ரெக்கார்டை சிடியில ஏத்திக் குடுக்கிற தொழில்ல பாட்டு கேக்குறது கால்வாசி வேலை. பாட்டைத் தேடி அலையிறவங்க புலம்பலைக் கேக்குறது முக்கால்வாசி. ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, டைப்பிங் சென்டர்னு எதையாவது திறந்து வச்சுட்டு, வர்றவங்க கதைக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்ல. நம்ம எல்லாருக்கும் கழுத்து வலி வந்தது ஒரே காரணத்தாலதான்.

என் கடை புதுச்சேரி காந்தி வீதியிலருந்து பிரியிற ஒரு சந்துல இருந்துச்சு. கேசட்டு போயி சிடி வந்த காலம். எங்க வீட்டுக்காரருக்கு புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில வேலை. "கல்யாண கேசட்டு, காதுகுத்து கேசட்டு எல்லாத்தையும் சிடியாக்கிக் குடுத்தாலே போதும், கடையில கூட்டம் நிக்கும்"னு சொல்லி ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரும் வாங்கிப் போட்டாரு. கூட்டமும் நின்னுச்சு. ஆனா அவரு நெனச்ச கூட்டம் இல்ல. மார்த்தினிக் தீவுல மீன்காரிங்க பாடுன பாட்டு, மடகாஸ்கர்ல மூங்கில் வாத்தியம், ஹவாய் கிதார்னு கேட்டுக்கிட்டு வந்த கூட்டம். பிரெஞ்சுக்காரன் கப்பல் எங்கெங்க போச்சோ அங்கல்லாம் நம்ம ஊரு ஆளுங்களும் போயிருக்காங்க இல்லையா. திரும்பி வரும்போது பொட்டியில துணிமணியோட இதெல்லாமும் வந்துடுச்சு. எனக்குப் பாட்டுன்னா ரேடியோவுல வர்ற சினிமாப் பாட்டுதான். இவங்ககிட்ட மாட்டிக்கிட்டேன்.

ஒண்ணுக்கு ஒண்ணு

என்னை அதிகம் படுத்தினது ரெண்டு பேரு. ஒருத்தர் அருளப்பன். பிரெஞ்சு ஸ்கூல்ல வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவரு. ஊரே 'மொசியே'ன்னுதான் கூப்பிடும், பிரெஞ்சுல 'ஐயா'ன்னு அர்த்தம். வெயில் மண்டையைப் பொளந்தாலும் கசங்காத முழுக்கைச் சட்டை, கையில குடை. இன்னொருத்தர் வேணு. வீராம்பட்டினத்துல மீனுக்கு ஐஸ் போடுறவரு. ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை சண்டே மார்க்கெட்டை ஒரு அலசு அலசிட்டு நேரா என் கடைக்கு வந்துடுவாங்க. வெத்துக் கையோட வந்தாலும் வந்துடுவாங்க.

இவங்களுக்குள்ள ஒரு சட்டம் உண்டு. எங்க எந்த ரெக்கார்டு கிடைக்கும்னு ஒருத்தர் தகவல் சொன்னா, அடுத்தவரு பதிலுக்கு ஒரு தகவல் சொல்லியே ஆகணும். காசு கீசு பேச்சே கிடையாது. கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க, பரண்ல இருக்கிறதெல்லாம் கீழ வருதுன்னு மொசியே கூரையைப் பாத்துக்கிட்டே சொல்லுவாரு. உழவர்கரையில ஒரு பழைய சாமான்காரன் புதுசா ஒரு மூட்டை எடுத்திருக்கான்னு வேணு தரையைப் பாத்துக்கிட்டே சொல்லுவாரு. நேருக்கு நேர் பாத்துச் சொன்னா அது என்னமோ கடன் வாங்குற மாதிரி ஆயிடுமாம். இந்தச் சட்டம் தெரியாம நான் ஒரு நாள், எதிர்வீட்டு மாடியில ஒரு பொட்டி நெறைய ரெக்கார்டு தூங்குதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். வேணு செருப்பைக்கூட சரியா மாட்டாம எதிர்வீட்டுக்கு ஓடிட்டாரு. மொசியே மட்டும் நவுரல. எனக்குத் திருப்பிக் குடுக்க அவருகிட்ட தகவல் இல்லையே. ரொம்ப நேரம் யோசிச்சவரு கடைசியில பாவமா என்கிட்ட கேட்டாரு:

"தனம், சும்மா குடுத்த தகவலை வாங்கிக்கிட்டு நான் எப்படிம்மா நிம்மதியா சோறு திங்கிறது?"

வறுத்ததும் அவிச்சதும்

வேணு ரெக்கார்டை வச்சிருக்கிற இடத்தைக் கேட்டா நீங்க மூக்கைப் பொத்திக்குவீங்க. மீன் அனுப்புற தெர்மாகோல் பொட்டி. மேல் மூடி போட்டு, கயிறு கட்டி, வரிசையா அடுக்கி வச்சிருப்பாரு. ஐஸையே உருகவிடாத பொட்டி, ரெக்கார்டை வளையவிடுமான்னு கேப்பாரு. வாஸ்தவம்தான். அவரு கொண்டாந்த ரெக்கார்டுல ஒண்ணுகூட வளைஞ்சு நான் பாத்ததில்ல. ஆனா எந்தத் தட்டை எடுத்தாலும் ஹவாய் தீவு பாட்டுல வஞ்சிரம் வாசனை வரும். மொசியேவுக்கும் ரெண்டு பொட்டி தரேன்னாரு. மொசியே கைக்குட்டையை மூக்குல வச்சிக்கிட்டு, வேணாம்ப்பா, எங்க வீட்டுல இரும்பு பீரோ இருக்குதுன்னுட்டாரு.

அந்த வேணுவுக்கு ஒரு ஹவாய் கிதார் ரெக்கார்டை ஏத்திக் குடுத்தேன். கரகரன்னு ஒரே இரைச்சல். நான்தான் புதுசா கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட சூட்டுல இருந்தேனே, உக்காந்து இரைச்சலையெல்லாம் வழிச்சு எடுத்துட்டேன். சொந்தப் புள்ளைக்குத் தலை சீவிவிட்ட மாதிரி அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. வேணு ஹெட்போனை மாட்டிக் கேட்டாரு. மூஞ்சி சுருங்கிடுச்சு. பாராட்டுவாருன்னு பாத்தா, ஹெட்போனைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு சொன்னாரு:

"அந்த மொறமொறப்பு எங்கக்கா போச்சு? வறுத்த மீனைக் கேட்டா அவிச்சுக் குடுத்திருக்கீங்க."

காதுக்கு மட்டும்

ஒரு ஞாயித்துக்கிழமை மொசியே கடைக்குள்ள வரும்போதே நடை மாறியிருந்துச்சு. சட்டைக்குள்ள எதையோ அணைச்சுப் புடிச்சிருந்தாரு. சண்டே மார்க்கெட்டுல ஓட்டைக் குடை, துருப்புடிச்ச பூட்டுக்கு நடுவுல கிடைச்சதாம். உள்ளங்கையை விரிச்சா கொஞ்சம் வெளிய தெரியிற அளவுக்கு ஒரு சின்ன கறுப்புத் தட்டு. நடுவுல ஒட்டியிருந்த காகிதம் உரிஞ்சு போயி, பசை மட்டும் மஞ்சளா இருந்துச்சு. பேரு இல்ல, ஊரு இல்ல. கம்பெனி அச்சடிச்ச தட்டு இல்ல, யாரோ ஒரே ஒரு பிரதியா பதிவு பண்ணினதுன்னு மொசியே சொன்னாரு.

ரெக்கார்டுக்காரங்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. பெரிய தட்டுன்னா நிமிஷத்துக்கு முப்பத்திமூணு சுத்து, சின்னத் தட்டுன்னா நாப்பத்தஞ்சு, கீழ விழுந்தா ஒடையிற கனமான அரக்குத் தட்டுன்னா எழுபத்தெட்டு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாங்க. மொசியே தட்டைப் பாத்தாரு, சின்னது. நாப்பத்தஞ்சுல வச்சாரு. ஒரு ஆம்பள குரல். அடித்தொண்டையிலருந்து, சாவகாசமா, இழுத்து இழுத்துப் பாடுது. என்ன பாஷைன்னே புரியல. கடைசியில "ம்ம்ம்ப்பே"ன்னு ஒரு சத்தம், கொம்பு ஊதுற மாதிரி. மடகாஸ்கர் மலைக்காட்டுல ஒரு பூசாரி பாடுறதுன்னு மொசியே சொன்னாரு. கடைசியில வர்றது எருமைக் கொம்பாம். வேணு அது கம்போடியாதான்னாரு. அதுக்கு அப்புறம் பல ஞாயித்துக்கிழமை இந்தச் சண்டையிலேயே போச்சு.

பாட்டு வெளிய கசிஞ்சுடக் கூடாதுன்னு மொசியே ஸ்பீக்கர்ல போடவே விடமாட்டாரு. ஹெட்போன்லதான் கேக்கணும். ஆனா இந்த மனுஷங்களுக்கு ஆசை யாரை விட்டுச்சு? வேணு ஒரு நல்ல தகவலைக் காட்டி மடக்கினதும், ஒரு சிடி போட்டுக் குடுக்கச் சொன்னாரு. அப்புறம் பாரீஸ்ல இருக்கிற ஒரு சிநேகிதருக்கு ஒண்ணு. அங்கருந்து இன்னும் ரெண்டு பேரு கேட்டாங்கன்னு மறுபடி. ஒவ்வொரு தடவையும், இதான் கடைசின்னு என்கிட்ட சத்தியம் பண்ணுவாரு. ஒரு நாள் கண்ணை மூடிக் கேட்டுட்டு அவரு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குது:

"உலகத்துலயே தனியான ஒரு மனுஷன் பாடுறாம்மா. அவனுக்குன்னு அந்த எருமை ஒண்ணுதான் இருக்குது."

ஜோசெபின் அக்கா கேட்டது

ஜோசெபின் அக்கா நேம் சுத்தி விக்கிறவங்க. நேம்னா, அரிசி அப்பளத்துக்குள்ள கறியும் சேமியாவும் வச்சு சுருட்டிப் பொரிக்கிற வியத்நாம் பலகாரம். புதுச்சேரியில ஞானஸ்நானம், கல்யாணம்னா அக்காவுக்குத்தான் ஆர்டர். பேரன் ஞானஸ்நான கேசட்டை சிடியாக்க வந்தவங்க, வேலை முடிஞ்சும் போவாம நின்னாங்க. பழைய ரெக்கார்டெல்லாம் உன்கிட்ட வருமாமே தனம்னு ஆரம்பிச்சாங்க.

அவங்க அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா, அதாவது சிப்பாய். வியத்நாம்ல சைகோன் ஊருல இருக்கும்போது அங்க உள்ள பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. அங்க ஒரு திருவிழாவுல, மிஷின் முன்னால நின்னு பாடினா கையோட தட்டா அடிச்சுக் குடுப்பாங்களாம். அப்பா ஆசையா அம்மாவைப் பாட வச்சு வாங்கிக்கிட்டாரு. அப்புறம் கப்பலேறி இங்க வந்தாங்க. அக்கா சின்னப் புள்ளையா இருக்கும்போதே அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. இங்க வீட்டுல ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அப்பாவுக்கும் அதைக் கேக்குற தைரியம் இல்ல, துணியில சுத்தி வச்சிருந்தாரு. அவரு போனப்புறம் சித்தப்பா வீட்டைக் காலி பண்ணி, எல்லாத்தையும் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டாரு. அப்ப அக்கா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தாங்க. அம்மா பாட்டை அக்கா அந்தத் தட்டுல ஒரு தடவைகூட கேட்டதில்ல. அடுப்பாங்கரையில அம்மா முணுமுணுத்த மெட்டு மட்டும் ஞாபகம் இருக்குதாம். எங்க பாடிக் காட்டுங்கக்கான்னேன். வெக்கப்பட்டுக்கிட்டு மாட்டேன்னுட்டாங்க. தட்டுல நீல மையில அம்மா பேரு எழுதியிருக்கும், பொம்பள குரலு, வந்தா சொல்லுன்னாங்க.

எனக்கு அழுவை வந்துடுச்சு. அவங்க அழுவல. கூடையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு சாதாரணமா சொன்னாங்க:

"அம்மா மூஞ்சி ஒரு போட்டோவுல இருக்குது தனம். பேசத்தான் மாட்டேங்குது."

நல்லா பாடுறாங்க

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இதை மொசியேவுக்கும் வேணுவுக்கும் சொன்னேன். பதிலுக்குக் குடுக்க அந்தம்மாகிட்ட தகவல் எதுவும் இல்லன்னும் சொன்னேன். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கூரையையும் தரையையும் பாத்தாங்க. அப்புறம் மொசியே, கடனா இருக்கட்டும், கிடைக்கும்போது குடுக்கட்டும்னாரு. அன்னையிலருந்து ரெண்டு பேரும் சொந்தத் தேடலை விட்டுட்டு நீல மை தட்டைத் தேட ஆரம்பிச்சாங்க. சைகோன்ல இருந்துட்டு வந்த குடும்பம் எதையும் விடல. அக்காவும் வாரா வாரம் ஒரு பொட்டலம் நேம் கொண்டாந்து வச்சுட்டு, ஏதாவது வந்துச்சான்னு கேட்டுட்டுப் போவாங்க. இல்லக்கான்னு சொல்ற வேலை என்னுது. அந்த வேலை யாருக்கும் வேணாம்.

ஒரு தடவை வேணு ஒரு வியத்நாம் ரெக்கார்டோட ஓடியாந்தாரு. பொம்பள குரலு, குயிலு மாதிரி. கம்பெனித் தட்டுதான். அக்காவுக்குத்தான் எதுவும் தெரியாதே, இதுதான் உங்கம்மான்னு சொல்லிடலாமா, பாவம் நிம்மதியாவாவது இருக்கட்டும்னு என் காதுல கிசுகிசுத்தாரு. நான் முறைச்சேன். ஆனா உள்ளுக்குள்ள எனக்கும் அந்த எண்ணம் வந்துச்சுதான். அக்கா ஹெட்போனை மாட்டிக்கிட்டு முழுப் பாட்டையும் கேட்டாங்க. கண்ணுல தண்ணி வழியுது. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு வேணுவைப் பாத்து சிரிச்சாங்க.

"ரொம்ப நல்லா பாடுறாங்க தம்பி. அதனாலதான் சொல்றேன், இது எங்கம்மா இல்ல."

கத்திரி வெயில்

அந்த வருஷ மே மாசம், மொசியே குடை இல்லாம, சட்டை கசங்கி கடைக்கு வந்தாரு. யாரோ போயிட்டாங்கன்னு நான் எழுந்தே நின்னுட்டேன். கையில இருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரிச்சாரு. மடகாஸ்கர் தட்டு. மேல இருந்த கறுப்பெல்லாம் பழைய நகப்பாலிஷ் உரியிற மாதிரி செதில் செதிலா உரிஞ்சு, அடியில வெறும் தகரம் தெரிஞ்சுது. மாடி ரூம்ல, இரும்பு பீரோவுல வச்சிருந்தாரு. அந்த வெயில்ல பீரோ அடுப்பாயிடுச்சு.

நான் டீ வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. எல்லாச் செதிலையும் காகிதத்துல சேத்து மடிச்சு வச்சிக்கிட்டாரு, ஒண்ணுக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சும். அப்ப வேணு உள்ள வந்தாரு. பாத்தாரு. நான் அப்பவே சொன்னேனேன்னு அவரு சொல்லல, நல்ல மனுஷன். பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு, அவ்ளோதான். மொசியேதான் அவரு கையைப் புடிச்சிக்கிட்டு சொன்னாரு:

"மீன் நாத்தம் அடிச்சா அடிச்சிட்டுப் போவுது, உன்கிட்ட குடுத்திருக்கலாம்ப்பா."

கொஞ்சம் வேகமா

அடுத்த ஞாயித்துக்கிழமை மொசியே வந்து, அந்தப் பாட்டை இன்னொரு சிடி போட்டுக் குடு, கையில இருக்கிறது தேஞ்சு போச்சுன்னா என்ன பண்றதுன்னாரு. ஹெட்போனை எடுத்துக் குடுத்தேன். வேணாம், ஸ்பீக்கர்லயே போடு, இனிமே என்ன ரகசியம்னாரு. போட்டேன். சிடி போடுறதுக்காக கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்த பூசாரி இழுத்து இழுத்துப் பாட ஆரம்பிச்சான். அந்த நேரம் ஜோசெபின் அக்கா நேம் பொட்டலத்தோட வாசப்படி ஏறினாங்க. ஏறினவங்க அப்படியே நின்னுட்டாங்க.

இது எங்கம்மா மெட்டு, ஆனா யாரு இந்தாளு பாடுறதுன்னு கேட்டாங்க. மொசியேவுக்குக் கோவம் வந்துடுச்சு. மடகாஸ்கர், மலைக்காடு, பூசாரின்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சாரு. அக்கா மரியாதையா கேட்டுக்கிட்டாங்க. கேட்டு முடிச்சுட்டு என் பக்கம் திரும்பினாங்க.

"இதைக் கொஞ்சம் வேகமா ஓட்ட முடியுமா தனம்? எங்கம்மா இவ்ளோ இழுக்க மாட்டாங்க. அடுப்புல சோறு குழைஞ்சிடும்ல."

கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வேகத்தைக் கூட்டினேன். பூசாரி வயசுப் பையனாயிட்டான். வேணு நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. இன்னும்னாங்க அக்கா. மொசியே மூஞ்சியைப் பாத்தேன். அவருக்குப் புரிஞ்சு போச்சு. திருவிழா மிஷின்ல அடிச்ச தட்டுக்கு நம்ம வாய்ப்பாடு எங்க தெரியப் போவுது? சின்னதா இருந்தாலும் அது எழுபத்தெட்டுல பதிஞ்ச தட்டு. அத்தினி நாளா அவரு பொத்திப் பொத்திக் காப்பாத்தின தனி மனுஷன் அந்த நிமிஷத்துல அவரை விட்டுப் போறான். நான் மவுஸ்லருந்து கையை எடுத்துட்டேன். அவருதான் மெல்ல, "எழுபத்தெட்டுக்குக் கொண்டா, தனம்"னாரு.

கொண்டாந்தேன். ஒரு பொண்ணு பாடிச்சு. குயிலெல்லாம் இல்ல. கொஞ்சம் வெக்கம், கொஞ்சம் அவசரம், நடுவுல ஒரு இடத்துல சிரிப்பை அடக்குற மூச்சு. அக்கா பொட்டலத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, தானும் கூடவே முணுமுணுத்தாங்க. எங்ககிட்ட பாடிக்காட்ட வெக்கப்பட்ட அதே மெட்டு. பாட்டு முடியிற இடத்துல எருமைக் கொம்பு வரணும். வரல. ஒரு கைக்குழந்தை வீல்னு அழுதுச்சு. அந்தப் பொண்ணு பாட்டை விட்டுட்டு அதை "ஓ ஓ"ன்னு சமாதானம் பண்ணுது. அதோட தட்டு முடிஞ்சுது.

யாரு குழந்தைன்னு வேணுதான் கேட்டாரு. எங்க வீட்டுல நான் ஒருத்திதானே புள்ளன்னாங்க அக்கா. அம்பது வயசு தாண்டினவங்க, அன்னைக்கு என் கடையில குழந்தை மாதிரி அழுதாங்க. நானும் அழுதேன். மறுபடி போடச் சொன்னாங்க, போட்டேன். மறுபடி சொன்னாங்க, மறுபடி போட்டேன். தட்டு தகரமாப் போச்சு. மொசியே ஒவ்வொரு தடவையும் சத்தியம் பண்ணி சத்தியத்தை மீறினதாலதான் அந்தம்மா பொழைச்சு வந்தாங்க.

சிடியை உறையில போட்டு அக்கா கையில குடுத்தப்போ, அவங்களுக்கு திடீர்னு, நான் எப்பவோ சொல்லியிருந்த அந்தத் தகவலுக்குத் தகவல் சட்டம் ஞாபகம் வந்துடுச்சு. உங்க பாட்டையும் எடுத்துக்கிட்டேன், பதிலுக்கு நான் என்ன தகவல் சொல்லுவேன் மொசியேன்னு தவிச்சுப் போயிட்டாங்க. மொசியே இந்தத் தடவை கூரையைப் பாக்கல. அவங்களை நேருக்கு நேராப் பாத்தாரு.

"எருமைக் கொம்பு ஊதினது யாருன்னு இத்தினி நாளா தேடிட்டு இருந்தேம்மா. இன்னைக்கு நேர்லயே வந்து சொல்லிட்டீங்க, கடன் தீந்துச்சு."

மெதுவாகச் செல்லவும்னு ஊரெல்லாம் போர்டு வச்சிருக்காங்க. என் கடைக்கு மட்டும், ஒரு அம்மா வந்து சேர கொஞ்சம் வேகமா வர வேண்டியிருந்துச்சு.